காரணம் எழுதாமல் கழிக்க முடியாத மொழி

தரவு போதுமென்றால் தரவு, போதாவிட்டால் ஃபங்ஷன், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மேக்ரோ. (ஃபங்ஷன் மதிப்புகளை வாங்கி விடை தருவது. மேக்ரோ நிரலின் எழுத்தையே, அது ஓடுவதற்கு முன் வாங்கி மாற்றித் தருவது.) க்ளோஷர் என்ற நிரல்மொழியில் எழுதுகிற யாரைக் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்த மூத்த நண்பர். நான் கோத்தகிரிக்கே திரும்பி வந்து வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகும், போனில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவர் இதற்கு வந்துவிடுவார். நல்ல அறிவுரைதான், பல இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்குக் கொழுந்துக் கணக்கு எழுதிக் கொடுக்கப் போனதிலிருந்து, அந்த 'வேறு வழியே இல்லையென்றால்' என்கிற இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதற்கு வழி இல்லையென்றால்? கணக்கைப் போடுவதற்கா, போட்ட கணக்குக்குப் பதில் சொல்வதற்கா? முதலாவதற்கு ஃபங்ஷன் எப்போதும் போதும். இரண்டாவதற்குப் போதுமா என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

பறித்த கொழுந்து செட்டுக்கு, அதாவது இலையை எடை போடும் கொட்டகைக்கு, வந்தால் என்ன நடக்கும் என்பதை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாக்கு தராசில் ஏறும். அதிலிருந்து சாக்கின் எடை போகும். மழை நாளென்றால் ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றின இலை அதிகமிருந்தால் அதற்கு ஒரு கழிவு. மழையும் நீலகிரி மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. ஜூன், ஜூலையில் கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் பெரும்பாலும் சாரல்தான், எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தோடு வரும். ஈரத்தை அளக்க எங்கள் செட்டில் கருவி எதுவும் கிடையாது. எடை போடுகிறவர் சாக்குக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார். விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தால் அது சொட்டல். உள்ளங்கை ஈரமானால் நனைந்தது. இரண்டும் இல்லையென்றால் காய்ந்தது. இந்த மூன்று நிலைதான் எங்கள் கணக்கில் 'ஈரம்' என்கிற புலத்தின் மதிப்புகள்.

விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை, தூள் விற்ற பணத்தை விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் 65:35 என்று பிரிப்பது, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற பசுந்தேயிலை விலை, இந்த வாரம் குன்னூர் ஏலத்தில் தூள் என்ன போனது என்பதெல்லாம் டீக்கடையிலேயே அலசப்படும். ஆனால் அந்த விலை எந்த எடையோடு பெருக்கப்படுகிறது என்பது செட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். அந்த நாலரையில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கழிவின் நியாயம், தொழிற்சாலைக்காரரும் தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாது. கழிவே கூடாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வருகிற சீட்டில் 'கழிவு 14' என்று ஒரே ஒரு எண் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. குழுவில் ஒரு அக்கா அப்படி ஒரு சீட்டை என்னிடம் நீட்டி, "இந்தப் பதினாலு எதுக்குன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா தம்பி?" என்று கேட்டார். அது வேறு ஒரு இடத்தில் போட்ட சீட்டு. ஆனால் நான் எழுதப்போகும் மென்பொருளும் ஒரு எண்ணைத்தான் கொடுக்கப்போகிறதென்றால், கையால் எழுதிய சீட்டுக்கும் அதற்கும் அந்த அக்காவுக்கு என்ன வித்தியாசம்?

விதி கையில் வந்து சேரும் நேரம்

இங்கேதான் ஃபங்ஷனுக்கும் மேக்ரோவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் பாடப்புத்தக விஷயமாக இல்லாமல் போகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் நிபந்தனையை அனுப்பினால், அது உள்ளே போவதற்கு முன்பே கணக்கிடப்பட்டு மெய் அல்லது பொய் என்ற ஒற்றை விடையாகிவிடும். ஈரத்தைப் பார்த்தோமா, முற்றலைப் பார்த்தோமா, எதோடு ஒப்பிட்டோம் என்பதெல்லாம் வாசலிலேயே கழன்று விழுந்துவிடும். சரி, நிபந்தனையை ஒரு பெயரில்லாத ஃபங்ஷனில் பொதிந்து அனுப்பலாமே என்றால், அதை ஓட்டத்தான் முடியும், திறந்து பார்க்க முடியாது. மேக்ரோவுக்கு வருவது இன்னும் ஓடாத எழுத்து. சமக்குறி, ஈரம், சொட்டல் என்று மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு பட்டியல். அதைப் படிக்கலாம், எண்ணலாம், சரிபார்க்கலாம், அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை, நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கு அனுப்பலாம். க்ளோஷரின் மூதாதையான லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1960 கட்டுரையில் நிரலையும் பட்டியலாகவே எழுதிக் காட்டியதும், 1963இல் திமத்தி ஹார்ட் எம்ஐடியில் ஒரு சிறு குறிப்பில் லிஸ்ப்புக்கு மேக்ரோக்களை முன்மொழிந்ததும், இன்றைக்கு மலைமேல் ஒரு செட்டில் கழிவுக்குக் காரணம் சொல்லப் பயன்படுவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. க்ளோஷரில் சோதனை எழுதும்போது தினமும் 'இஸ்' (is) என்பதைப் பயன்படுத்துகிறோம். சோதனை தோற்றால், எதிர்பார்த்த கோவை (நாம் எழுதிய நிரல்துண்டு) இது, கிடைத்த மதிப்போடு பார்த்தால் இப்படி என்று இரண்டையும் அச்சிடுகிறது. 'இஸ்' ஒரு மேக்ரோ என்பதால்தான் அது முடிகிறது. ஃபங்ஷனாக இருந்தால் 'தோற்றது' என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதே குணம்தான்.

நாங்கள் எழுதுகிற விதி ஒன்று இப்படி இருக்கும்:

(விதி மழைக்கழிவு
  (எப்போது (= ஈரம் :சொட்டல்))
  (கழி 10 :சதவீதம்)
  (எதிலிருந்து :சாக்கு-போன-எடை)
  (காரணம் "கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது"))

இதில் 'எப்போது', 'கழி' எதுவும் ஃபங்ஷன் இல்லை. 'விதி' என்கிற ஒரே மேக்ரோதான் அவற்றைப் படிக்கிறது. படித்து, பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஒரு சாதாரண மேப்பைக் கட்டிக் கொடுக்கிறது. அதில் விதியின் பெயர், ஓட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன், ஓடாமல் அப்படியே வைத்த நிபந்தனையின் எழுத்து, காரணம், கோப்பில் எத்தனையாவது வரி என்பதெல்லாம் இருக்கும். மேக்ரோவின் வேலை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு சீட்டுப் போடுவது, கூட்டுவது, அச்சிடுவது எல்லாம் சாதாரண ஃபங்ஷன்கள்.

'காரணம்' இல்லாமல் ஒரு விதியை எழுதினால் நிரல் கம்பைல் ஆகாது. ஓடும்போது எச்சரிக்கை என்பதெல்லாம் கிடையாது, சேவையகம் எழுந்தே நிற்காது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது இதுதான். சின்ன மொழி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எவ்வளவு வரி மிச்சமாயிற்று என்று பேசுகிறார்கள். இந்த விதியையே நேரடியாக ஒரு நிபந்தனையும் பெருக்கலுமாக இரண்டு வரியில் எழுதிவிடலாம், என் மொழி அதை ஐந்து வரியாக நீட்டுகிறது. அந்த நீளத்தை நான் விரும்பியே ஏற்கிறேன். ஒருவருடைய எடையில் கை வைக்கிற ஒரு வரியை எழுதுகிறவர் காரணத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மொழிக்குள்ளேயே வைத்துவிட்டால், பிறகு அதைத் தனியாக யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதிலிருந்து?

மேலே உள்ள 'எதிலிருந்து' என்ற வரி முதலில் மொழியில் இல்லை. அது வந்த கதைதான் என் நண்பரோடு நான் நடத்தும் விவாதத்தையே திருப்பிவிட்டது.

விதிகளைத் தாளில் அச்சிட்டு செட்டில் ஒட்டுவது என்று குழுவில் முடிவானது. நிபந்தனையின் எழுத்து கையில் இருந்ததால் அதைத் தமிழ் வாக்கியமாக மாற்றி அச்சிடுவது பெரிய வேலையாக இல்லை: 'ஈரம் சொட்டல் என்றால் 10 சதவீதம் கழிக்கப்படும்', 'இலை முற்றல் என்றால் 5 சதவீதம் கழிக்கப்படும்', 'சாக்குக்கு 2 கிலோ' என்று வரிசையாக. எடை போடுகிற பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, பத்து எதுல பத்து, அஞ்சு எதுல அஞ்சுன்னு போடலையே?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 கிலோ ஏறுகிறது என்று வையுங்கள். முதலில் சாக்குக்கு 2 போக 98. அதில் 10 சதவீதம் போக 88.2. மிச்சத்தில் 5 சதவீதம் போக 83.79. இதுவே இரண்டு சதவீதங்களையும் அதே 98இலிருந்து கழித்தால் 14.7 போய் 83.3 நிற்கும். தராசில் ஏறின 100இலிருந்தே எல்லாவற்றையும் கழித்தால் 10, 5, 2 என்று 17 போய் 83. ஒரே மூன்று விதிகள், மூன்று விடைகள். முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவில் முக்கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம், அதுவும் ஒரு 100 கிலோவில். இதுவரை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். காலையில் ஒருவர் ஒரு மாதிரியும் சாயங்காலம் இன்னொருவர் இன்னொரு மாதிரியும் செய்திருக்கிறார்கள். இருவரும் நேர்மையானவர்கள்தான். நோட்டிலும் விதி அப்படித்தான் இருந்தது, எதிலிருந்து என்று எங்குமே எழுதப்படவில்லை.

நிரல் எழுதுகிறவருக்கு இது கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபங்ஷனல் பாணியில் இதையெல்லாம் ஒரு பைப்லைனாக எழுதுவோம்: சீட்டு உள்ளே போகும், சாக்கு, மழை, முற்றல் என்று ஒவ்வொரு ஃபங்ஷனாகக் கடந்து வெளியே வரும். படிக்க அழகாக இருக்கும். ஆனால் எது முதலில் என்ற முடிவும், எதிலிருந்து என்ற முடிவும் அந்த வரிசைக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு வரியை இடம் மாற்றினால் சில சமயம் விடை மாறும், சில சமயம் மாறாது. சதவீதத்துக்குப் பின் சதவீதம் என்றால் எந்த வரிசையிலும் ஒன்றுதான், நடுவில் 2 கிலோ மாதிரி ஒரு நிலையான கழிவு நுழைந்தால்தான் மாறும். பெரியவருக்குப் பைப்லைன் தெரியாது. அவர் முன்னால் இருந்தது விதியின் வாக்கியம். நிரலைக் காட்டியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார், வெறும் விடையைக் காட்டியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். விதி அவர் படிக்கக்கூடிய உருவத்தில், ஓடுகிற அதே எழுத்திலிருந்து அச்சாகி வந்ததால் கேட்டார்.

அன்று ராத்திரியே 'எதிலிருந்து' கட்டாயமாயிற்று. ஏறின எடை, சாக்கு போன எடை, இதுவரை மிச்சமான எடை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் விதி எழுத முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. சாக்கு போன எடையிலிருந்து என்று தீர்மானித்தார்கள், இரண்டு சதவீதங்களுக்கும் அதேதான். விவசாயிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் யார் வேண்டுமானாலும் வாயாலேயே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம் என்றார் அந்த அக்கா. எனக்கும் அது சரியாகவே பட்டது.

நண்பரின் மறுப்பு

இதை விவரித்தபோது நண்பர் அசரவில்லை. விதியைத் தரவாகவே எழுது, அதைப் படித்துச் செயல்படுத்த ஒரு சின்ன இன்டர்பிரெட்டர் போடு, படிக்கவும் அச்சிடவும் அதிலேயே முடியுமே, ஏற்றும்போதே காரணம் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் முடியுமே என்றார். முடியும். இது வலுவான மறுப்பு, முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இன்டர்பிரெட்டர் சின்னதாகவே இருந்துவிடாது. முதலில் சமம், பெரிது, சிறிது. அப்புறம் 'மற்றும்', 'அல்லது'. அப்புறம் நேற்றைய சீட்டைப் பார்க்க ஒன்று, மாதத்தைப் பார்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நானே பொருள் எழுத வேண்டும், நானே சோதிக்க வேண்டும். மேக்ரோவில் நிபந்தனை க்ளோஷரின் கோவையாகவே இருப்பதால் ஏற்கெனவே எழுதி வைத்த எந்த ஃபங்ஷனையும் அதற்குள் கூப்பிடலாம், பொருள் சொல்வது மொழியின் கம்பைலர். என் பங்கு, உள்ளே வரும் ஒவ்வொரு பெயரும் சீட்டின் புலமா, தெரிந்த ஃபங்ஷனா என்று பார்த்து, இரண்டும் இல்லையென்றால் வரி எண்ணோடு நிறுத்துவது மட்டும். அவர் ஆயிரக்கணக்கான விதிகளைப் பற்றியும் கேட்டார். சார்ல்ஸ் ஃபோர்ஜி 1979இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய, ஏராளமான விதிகளை வேகமாகப் பொருத்திப் பார்க்கும் ரீட்டி மாதிரியான வழிமுறைகள் அதற்காகத்தான் இருக்கின்றன, எங்கள் செட்டுக்கு அது வேண்டாம்.

பெயர்களைச் சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழில் எழுதும்போதுதான் முழுசாகப் புரிந்துகொள்ள முடியும். 'சொட்டல்' என்பதில் உள்ள 'சொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீட்டெண்ணாக எழுதலாம், 0BCA. அல்லது எகரக் கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாக எழுதலாம், 0BC6, 0BBE. திரையில் இரண்டும் ஒன்றேதான், எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆனால் க்ளோஷருக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். விதியில் ஒரு வகை, சீட்டில் இன்னொரு வகை என்று வந்துவிட்டால் நிபந்தனை அமைதியாகப் பொய்யாகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது, சொட்டச் சொட்ட வந்த சாக்குக்குக் கழிவே விழாது. அல்லது ஒருவருக்கு மட்டும் விழும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு விழாது. இது போன்ற பிழையை ஊரில் யாரும் பிழை என்று நம்ப மாட்டார்கள். அதனால் விதிக்குள் வரும் எல்லாப் பெயர்களையும் மேக்ரோ முதலில் ஜாவாவின் நார்மலைசரில் கொடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது, சீட்டுத் தரவும் உள்ளே நுழையும்போது அதே வழியாகத்தான் வருகிறது. தமிழில் பெயர் வைத்து நிரல் எழுதுகிற யாருக்கும் இதைச் செய்யச் சொல்வேன், மேக்ரோ எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

நண்பர் சொல்வதில் நான் முழுக்க ஒப்புக்கொள்கிற பகுதியும் இருக்கிறது. மேக்ரோ பரவக் கூடாது. மேக்ரோவை ஒரு மதிப்பாகக் கையில் எடுத்து இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்ப முடியாது, அதனால் மேக்ரோவைக் கூப்பிட இன்னொரு மேக்ரோ, அதைக் கூப்பிட இன்னொன்று என்று போனால் நிரல் முழுக்க இறுகிவிடும். பெயர் மோதல்கள் வேறு. சுற்றியிருக்கிற நிரலின் பெயரை மேக்ரோ தெரியாமல் பிடித்துக்கொள்ளும் தொல்லைக்காகத்தான் 1986இல் கோல்பெக்கரும் ஃப்ரீட்மனும் இன்னும் இருவரும் சுத்தமான மேக்ரோ விரிவைப் பற்றி எழுதினார்கள். க்ளோஷர் அந்த வழியில் முழுதாகப் போகாமல், பெயர்களுக்கு நேம்ஸ்பேஸை, அதாவது அவை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்ற முன்னொட்டை, ஒட்டுவதும் தேவைப்பட்ட இடத்தில் புதுப் பெயர் உண்டாக்குவதுமாகச் சமாளிக்கிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் இருப்பது ஒரே ஒரு மேக்ரோ. இன்னொன்று, மாதாமாதம் மாறுகிற எதையும் விதிக்குள் வைக்கவில்லை. வாரியத்தின் விலை, குழுவின் சந்தா எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன, அவற்றை மாற்ற யாரும் நிரலைத் தொட வேண்டாம். கழிவு விதி மாறுவது அபூர்வம், அப்படி மாறும்போது நாலு பேர் கூடிப் பேசித்தான் மாற வேண்டும் என்பதால், அது கம்பைல் ஆக வேண்டியிருப்பதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு சீட்டோடும் அன்றைக்கு எந்த விதி ஓடியதோ அதன் எழுத்தும் சேமிக்கப்படுகிறது. அக்டோபர் கொழுந்துக்கான பணம் நவம்பரில் கணக்கு தீரும்போது, நடுவில் விதி மாறியிருந்தாலும், அக்டோபர் சீட்டு அக்டோபர் விதியைத்தான் காட்டும். இப்போது சீட்டின் கீழே இப்படி வருகிறது: 'மழைக்கழிவு, 98 கிலோவில் 10 சதவீதம், 9.8 கிலோ. கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.' அதைப் படித்துவிட்டு, "காலையில நான் கொண்டு வரும்போது அவ்வளவு ஈரம் இல்லையே, செட்டுக்கு வெளியில சாக்கு மழையில நின்னுதே" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையை நான் வரவேற்கிறேன். முன்பு 14 என்ற எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது. இப்போது எதை மறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும், எடை போடுகிறவருக்கும் தெரியும். செட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டினார்கள்.

இப்போது பேச்சு விதியில் 'எதுவரை' என்று இன்னொரு வரி சேர்ப்பதைப் பற்றி. மழைக்கழிவை மழைக்காலத்துக்கென்று வைத்துவிட்டு, ஜனவரியில் வெயில் அடிக்கும்போதும் பழக்கத்தில் 'நனைந்தது' என்று குறித்துவிடுவது நோட்டுக் காலத்தில் நடந்திருக்கிறது என்கிறார்கள். பனி பெய்த காலையில் இலை ஈரமாகத்தான் இருக்கும், அதற்கும் மழைக்கும் ஒரே கழிவா என்றும் கேட்கிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் முடிவுத் தேதி கட்டாயம் என்று வைத்தால், தேதி முடிந்ததும் குழு மறுபடி கூடிப் பேசினால்தான் விதி உயிரோடு இருக்கும். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. மழை நாள்காட்டி பார்த்து வருவதில்லை என்கிறார், தேதி முடிந்த அன்றைக்கே சொட்டச் சொட்டக் கொழுந்து வந்தால் என்ன செய்வது என்கிறார். அக்காவோ கட்டாயம் வேண்டும் என்கிறார். நான் அக்கா பக்கம். அடுத்த கூட்டத்துக்குள் 'எதுவரை' இருக்கும் வடிவத்தையும் இல்லாத வடிவத்தையும் பழைய சீட்டுகள் மேல் ஓட்டி, யாருக்கு எத்தனை கிலோ மாறுகிறது என்று அச்சிட்டுக் கொண்டுபோகப் போகிறேன்.